ரோட்டோரம் யாருக்கு? பார்க்கிங் கட்டணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டமானாலும் சரி, வியாபாரிகள் சந்திப்பானாலும் சரி, பார்க்கிங் கட்டணம் என்று பேச்செடுத்ததும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் எழுந்துவிடுவதால், எதற்கும் முழுப் பதில் கிடைக்காமல் கூட்டம் கலைந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ரோடு டாக்ஸ் கட்டித்தானே வண்டி வாங்கினேன்? நிறுத்தறதுக்கு எதுக்குத் தனியா காசு?

சாலை வரி வண்டியை ஓட்டுவதற்கானது. அது மாநில அரசுக்குப் போகிறது. வண்டி நிற்கும் தெருவைப் பராமரிப்பது பெரும்பாலும் மாநகராட்சி. சொந்த ஷெட்டில் நிறுத்துபவரும் அதே வரியைத்தான் கட்டுகிறார், பத்து வருடமாகத் தெருவிலேயே நிறுத்துபவரும் அதையேதான் கட்டுகிறார். வரியில் நிறுத்தத்துக்கான பங்கு எதுவும் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: நகரத்தில் நிலம் விலைமதிப்புள்ளது, பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும். கொள்கை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான நகரங்களில் அது காகிதத்தோடு நிற்கிறது.

ஒரு கார் நிக்க அப்படி என்ன பெரிய இடம் வேணும்?

கோடு போட்ட கட்டம் மட்டும் ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர், அதாவது இரண்டரைக்கு ஐந்து மீட்டர். ஆனால் கார் உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி வேண்டும். அதையும் சேர்த்து இந்தியாவில் கணக்கிடும் வழக்கம் இது: திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், கட்டடத்தின் தரைத்தளத்தில் 28, பேஸ்மென்ட்டில் 32. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த ஒரு குடும்பத்துக்கான வீட்டின் உட்பரப்பு வரம்பு 30 சதுர மீட்டராக இருந்தது. பேஸ்மென்ட்டில் ஒரு காருக்கு நாம் ஒதுக்கும் இடம் அதைவிடப் பெரியது.

இதோடு முடிவதில்லை. அதே காருக்கு வீட்டில் ஓர் இடம், ஆபீஸில் ஓர் இடம், மாலில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரியில் என்று தனித்தனியாக வைக்கிறோம். கார் ஓர் இடத்தில் நிற்கும்போது மற்றவை காலியாகக் கிடக்கின்றன.

இலவசமா விட்டா என்ன நஷ்டம்? யாருக்கும் கெடுதல் இல்லையே?

தி. நகரில் ஏதாவது ஒரு பக்கத் தெருவில் காலை ஒன்பதரைக்குப் போய் நின்று பாருங்கள். கடை திறக்க வரும் முதலாளியும் ஊழியர்களும் முதலில் நிறுத்துகிறார்கள். இரவு கடை மூடும் வரை அந்த வண்டிகள் அசைவதில்லை. அவற்றுக்கு நடுவே கவர் போட்ட ஒரு கார், கவர் மேல் வேப்பிலைச் சருகு, கீழே காற்றிறங்கிய டயர். அது பல மாதமாக அங்கேயே இருக்கிறது. பதினோரு மணிக்கு வரும் வாடிக்கையாளர் இடம் தேடித் தெருவைச் சுற்றுகிறார். இரண்டு சுற்று பார்த்துவிட்டுப் பாதி வண்டியை நடைபாதையில் ஏற்றிவிடுகிறார். ஸ்கூல் பையோடு வரும் பிள்ளையும் மூட்டு வலியோடு நடக்கும் பாட்டியும் ரோட்டின் நடுவில் இறங்கிப் போகிறார்கள்.

நஷ்டம் அவர்களுக்குத்தான். காசு வாங்காததால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. வண்டி வைத்திருப்பவரிடமிருந்து இல்லாதவருக்கு அது மாறிவிட்டது, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2025இல் காலமான டொனால்ட் ஷூப், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்தை விளக்கவே செலவிட்டார்.

சரி, எவ்வளவு கட்டணம்? யார் முடிவு பண்றது?

ஷூப் சொன்ன அளவுகோல் சுலபமானது. எந்த நேரத்தில் போனாலும் ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடம் காலியாக இருக்க வேண்டும். நூற்றில் 85 இடம் நிரம்பி, 15 காலியாக இருந்தால் விலை சரி. தெரு பிதுங்கினால் விலை குறைவு. பாதி காலியாகக் கிடந்தால் விலை அதிகம். வசூல் இலக்கு எதுவும் இதில் கிடையாது.

சான் பிரான்சிஸ்கோ 2011இல் இதைச் செய்து பார்த்தது. கட்டண மீட்டர் உள்ள ஏறத்தாழ 7,000 நிறுத்துமிடங்களில் சென்சார் வைத்து, எத்தனை நிரம்புகிறது என்று பார்த்துக் கட்டணத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை தெருவாரியாக, நேரவாரியாக மாற்றினார்கள். ஏற்றும்போது ஒரு தடவைக்கு மணிக்கு 25 சென்ட்டுக்கு மேல் ஏற்றவில்லை. கூட்டமான தெருக்களில் விலை ஏறியது, பக்கத்துத் தெருக்களில் இறங்கியது. சோதனை முடிந்தபோது மீட்டர்களின் சராசரிக் கட்டணம் 2.69 டாலரிலிருந்து 2.58 டாலராகக் குறைந்திருந்தது. இடம் தேடி அலையும் நேரம் 43 சதவீதம் குறைந்தது. கட்டணம் என்றாலே ஏற்றம்தான் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஊரைப் பற்றித்தான்.

சென்னை மாநகராட்சியின் ஸ்மார்ட் பார்க்கிங் திட்டத்தில் பல தெருக்களுக்கு கார் மணிக்கு 20 ரூபாய், டூவீலர் 5 ரூபாய் என்று வைத்தார்கள். ஞாயிறு மாலைக்கும் செவ்வாய்க் காலைக்கும் ஒரே விலை என்பதுதான் அதன் குறை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அந்த 20 ரூபாய் மிகக் குறைவு, வேறொரு நாள் அதுவே அதிகம்.

இது பணக்காரங்களுக்கு ரோட்டைத் தாரை வார்க்கிற மாதிரி இல்லையா?

இன்றைய நிலைமையைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுகூட இல்லை. டூவீலர் இருக்கும் குடும்பங்கள் ஏறத்தாழ பாதி. தெருவோரத்தை இலவசமாக விடும்போது அதிக இடம் யாருக்குக் கிடைக்கிறது? ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். அந்த இடத்தையே நடைபாதையாக விட்டால் எத்தனையோ பேர் நடப்பார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் உண்மையான ஒரு கவலை இருக்கிறது. டெலிவரி பையன், ஆட்டோக்காரர், குட்டி யானையில் சரக்கு இறக்குபவர் இவர்களுக்கு வண்டிதான் பிழைப்பு. இவர்களுக்கு வேண்டியது நாள் முழுக்க நிறுத்த இடம் இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்த நிச்சயமான ஓர் இடம். ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஏற்றி இறக்கும் இடம், ஆட்டோ ஸ்டாண்ட், முதல் சில நிமிடம் இலவசம் ஆகியவற்றைக் கட்டணத் திட்டத்தோடு சேர்த்தே போட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

கட்டணம் போட்டா கஸ்டமர் வரமாட்டாங்க. எங்க வியாபாரம் என்ன ஆறது?

மேலே சொன்ன தெருவை மறுபடி நினைத்துப் பாருங்கள். கடை வாசலில் இருக்கும் ஒரே இடத்தில் உங்கள் சொந்தக் கார் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது. ஒரு வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து போகலாம். கட்டணத்தால் முதலில் வெளியேறுவது நாள் முழுக்க நிற்கும் வண்டி, அதில் பெரும்பாலானவை கடைக்காரர்களுடையவை.

கலிஃபோர்னியாவின் ஓல்ட் பாசடீனா ஒரு காலத்தில் பாழடைந்த கடைவீதி. 1993இல் அங்கே மீட்டர் வைக்கக் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வரும் வருமானம் முழுக்க அதே வீதிக்கே செலவாகும் என்று நகராட்சி வாக்குக் கொடுத்த பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மணிக்கு 1 டாலர். அந்த வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி நடைபாதை, விளக்கு, மரம் எல்லாம் போட்டார்கள். இன்று அது அந்த வட்டாரத்தில் மக்கள் நடந்து சுற்றும் வீதிகளில் முக்கியமானது.

நம் ஊரிலும் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். அதற்கு முன்பு, 2013இல், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று அங்கிருந்த நடைபாதைக் கடைகளை ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதே ரோட்டில் கார்கள் நின்றபடிதான் இருந்தன. எதை முதலில் அகற்றினார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வசூலாகிற காசு எங்கே போகுது? டோக்கன்காரர் பாக்கெட்டுக்குத்தானே?

இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகைக்குத் தெருவைக் குத்தகைக்கு விட்டால், அதற்கு மேல் வருவதெல்லாம் குத்தகைதாரருக்கு. அப்படியிருக்கும்போது 20 ரூபாய்க்கு 50 வாங்குவதும், முப்பது கார் நிற்கும் இடத்தில் ஐம்பதைத் திணிப்பதும் அவருக்கு லாபம்.

ஒப்பந்தத்தையே திருப்பிப் போட வேண்டும். வசூல் முழுக்க நேரடியாக மாநகராட்சிக் கணக்குக்குப் போகட்டும். நடத்துபவருக்கு, எத்தனை இடத்தைச் சரியாகப் பராமரித்தார், எவ்வளவு சரியாகக் கண்காணித்தார் என்பதற்குச் சம்பளம் கொடுக்கலாம். யுபிஐ, எஸ்எம்எஸ் ரசீது, தெருவாரியாக மாத வசூலை வெளியிடுவது மூன்றும் கட்டாயம். அப்புறம் பாசடீனா போல, ஒரு பங்கு அந்தத் தெருவுக்கே திரும்ப வர வேண்டும். தன் தெரு நடைபாதைக்கு அந்தக் காசு வந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் எவரும் நம்புவார்கள்.

மல்டிலெவல் பார்க்கிங் நாலு கட்டினா தீர்ந்துடுமே?

தி. நகர் தணிகாசலம் சாலையில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 40 கோடி ரூபாய். 200க்கு மேல் கார்களும் 500க்கு மேல் டூவீலர்களும் நிற்கலாம். டூவீலர்களைக் கார் கணக்குக்கு மாற்றிப் பார்த்தாலும் ஒரு கார் இடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது, நிலத்தின் விலை சேராமலே. பத்து லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் ஒரு நாளைக்கு 190 ரூபாய். மணிக்கு 20 ரூபாய் வாங்கினால் வட்டிக்கு மட்டுமே தினமும் ஒன்பதரை மணி நேரம் அந்த இடம் நிரம்பியிருக்க வேண்டும். மின்சாரம், லிஃப்ட், ஆள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

அதைவிடப் பெரிய சிக்கல், வெளியே தெரு இலவசமாகவோ மலிவாகவோ இருக்கும்போது யாரும் மேலே ஏற்றி நிறுத்தமாட்டார்கள். கட்டடம் கட்டினால் மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள தெருவில் அந்த அளவு இடத்தை எடுத்துவிடவும் வேண்டும். சூரிக் நகரத்தில் 1996இல் செய்த உடன்பாடு இதுதான்: நகர மையத்தில் மொத்த இடங்கள் 1990இல் இருந்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. நிலத்தடியில் புதிதாக ஒன்று கட்டினால் மேலே தெருவில் ஒன்றை எடுக்க வேண்டும். அங்கே சதுக்கங்கள் மனிதர்களுக்குத் திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

புதுக் கட்டடத்துக்கு பார்க்கிங் கட்டாயம்னு இருக்கறது நல்லதுதானே? இல்லன்னா எல்லாம் ரோட்டுக்குத்தானே வரும்?

கட்டாயம் என்பதால் கார் இல்லாதவரும் கார் இடத்துக்கு விலை கொடுக்கிறார். சின்ன மனையில் நான்கு வீடு கட்ட முடியாமல் மூன்று கட்டுகிறார்கள். தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட், அதாவது தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம், ஆகிவிடுகிறது, தெருவைப் பார்த்த கடையோ திண்ணையோ போய்விடுகிறது. தாழ்வான பகுதியில் பேஸ்மென்ட் தோண்டினால் என்ன ஆகும் என்று சென்னைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஓரமாக வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தோமே.

லண்டன் 2004இல் குறைந்தபட்சம் இத்தனை பார்க்கிங் இடம் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டு, இத்தனைக்கு மேல் கூடாது என்று அதிகபட்ச வரம்பு வைத்தது. அதன்பின் புதிய குடியிருப்புகளில் வீட்டுக்குச் சராசரி 1.1 ஆக இருந்த இடம் 0.6 ஆகக் குறைந்தது. மெக்சிகோ சிட்டி 2017இல் அதே வழியில் போனது. நியூசிலாந்து 2020இல் கொண்டுவந்த தேசியக் கொள்கையால் பெரிய நகரங்கள் எல்லாம் இந்த விதியை நீக்க வேண்டியதாயிற்று.

ஆனால் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் சரியான பயம்தான். அதனால் எது முதலில் என்பது முக்கியம். முதலில் தெருவில் நிறுத்தத்தை ஒழுங்குபடுத்திக் கட்டணம் வைக்க வேண்டும். பிறகு மெட்ரோ, பஸ் வழித்தடம் ஓரமாக உள்ள இடங்களில் கட்டாயத்தைத் தளர்த்தலாம். தலைகீழாகச் செய்தால் நடைபாதைதான் பலியாகும்.

அபார்ட்மென்ட்ல பார்க்கிங்கைத் தனியா விக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சே?

2010இல் மும்பை வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு அது. ஸ்டில்ட் இடம் குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவானது, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நடைமுறையில் அந்தத் தொகை பலநேரம் வீட்டு விலைக்குள் போய்விடுகிறது, கார் இல்லாதவரும் கட்டுகிறார்.

பொது இடம் என்றால் சங்கம் அதை நிர்வகிக்கலாம். கார் வைத்திருப்பவர் மாதம் ஒரு தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும், இரண்டாவது காருக்குத் தொகை அதிகமாக இருக்கட்டும். அது பராமரிப்புக் கணக்கில் சேர்ந்தால் கார் இல்லாத வீட்டுக்கு மாதப் பராமரிப்பு குறையும். சட்டத்தை மாற்றத் தேவையில்லை, பொதுக்குழுவில் பேசினால் போதும். அந்தப் பேச்சு சுமுகமாக இருக்காது என்பது வேறு விஷயம்.

ஜப்பான்ல மாதிரி இடம் காட்டினாத்தான் கார்னு சட்டம் போடலாமே?

சென்னையிலும் இந்தப் பேச்சு சில ஆண்டுகளாக இருக்கிறது. ஜப்பானின் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி கார் வாங்குபவர் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் தனக்கு இடம் இருப்பதாகப் போலீஸ் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் சான்றிதழ் பாதிதான். மறுபாதி, ரோட்டில் ஒரே இடத்தில் இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தத் தடை. அதை உண்மையிலேயே அமல்படுத்துகிறார்கள். அதனால்தான் டோக்கியோவின் குறுகிய சந்துகளில்கூடப் பிள்ளைகள் தனியாக நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

இரவுத் தடை இல்லாமல் சான்றிதழை மட்டும் கொண்டுவந்தால், அது ஷோரூமிலேயே ஏற்பாடு செய்துதரும் இன்னொரு காகிதமாகிவிடும். என் கருத்தில் இரண்டும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்.

என் வீட்டு வாசல் எனக்குத்தானே சொந்தம்?

கேட்டை மறிக்காமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டுக்கு வெளியே உள்ள ரோடு பொது ரோடு. கல், பூந்தொட்டி, சங்கிலி, ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ பலகை எதற்கும் சட்ட பலம் இல்லை.

குடியிருப்பவர்களுக்குக் கட்டண அனுமதிச்சீட்டு கொடுக்கும் முறை பல நகரங்களில் இருக்கிறது. அதற்கும் எண்ணிக்கை வரம்பு வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அனுமதிச்சீட்டுகளை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 என்ற கணக்கில் குறைக்கத் தீர்மானித்தது. ஊரைவிட்டுப் போனவர், காரை விற்றவர் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை வேறொருவருக்குக் கொடுக்கவில்லை. யாரிடமிருந்தும் பிடுங்காமலே தெருவில் இடம் மீண்டது.

மெட்ரோ ஸ்டேஷன்ல இலவசமா கொடுத்தா இன்னும் நிறைய பேர் ரயில்ல வருவாங்களே?

ஓரளவு வருவார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும், அதன்பின் வருபவருக்கு இல்லை. ஸ்டேஷனை ஒட்டிய நிலம் நகரத்திலேயே அருமையான நிலம். அங்கே வீடோ கடையோ வந்தால் அங்கே இருப்பவர் நடந்தே ரயில் ஏறுவார். சைக்கிளுக்கும் டூவீலருக்கும் இடம், சிற்றுந்து, ஷேர் ஆட்டோ நிற்க ஒழுங்கான இடம், இவற்றுக்குப் பிறகே கார்.

ஆபீஸ்ல ஃப்ரீ பார்க்கிங் கொடுக்கறாங்க. அது கம்பெனி இஷ்டம்தானே?

கம்பெனி அதற்கு வாடகை கட்டுகிறது. காரில் வருபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை அது, பஸ்ஸில் வருபவருக்கு ஒன்றுமில்லை. கலிஃபோர்னியா 1992இல் கொண்டுவந்த சட்டப்படி, இடத்தை வாடகைக்கு எடுத்து இலவசமாகக் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையைப் பணமாகக் கொடுக்க வேண்டும். இங்கே ஐடி நிறுவனங்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்காமல் இதைச் செய்யலாம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வேறு வழியில் போனது. 2012 ஏப்ரலிலிருந்து, 11 அல்லது அதற்கு மேல் இடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணத்தைக் கொண்டு டிராம் பாதையை நீட்டினார்கள். புதிய பாதைகள் 2015இல் ஓடத் தொடங்கின.

பெரிய காருக்கு அதிகம் வாங்கலாமா? எலக்ட்ரிக் காருக்கு விலக்கு உண்டா?

பாரிஸ் 2024 பிப்ரவரியில் மக்களிடமே கேட்டது. வாக்களித்தவர்கள் குறைவு, ஆனால் அவர்களில் ஏறத்தாழ 54.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1.6 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வெளியூர்க் கார்களுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ, மற்றவற்றுக்கு 6. எலக்ட்ரிக் காருக்கு வரம்பு 2 டன். புகை விடாவிட்டாலும் எலக்ட்ரிக் கார் அதே இடத்தை அடைக்கிறது, அதனால் நிறுத்தக் கட்டணத்தில் முழு விலக்கு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்றுத்திறனாளிகள், வயசானவங்க?

வாசலுக்கு மிக அருகில் ஒதுக்கிய இடம், கட்டணம் இல்லாமல். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நடைபாதையில் கார் ஏறாமல் இருப்பது சக்கர நாற்காலியில் போகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி.

முதல்ல பஸ் ஒழுங்கா விடுங்க, அப்புறம் பார்க்கிங் பத்திப் பேசலாம்.

இதுதான் எல்லாவற்றிலும் வலுவான கேள்வி. பஸ் போதவில்லை, மழையில் நிறுத்தத்தில் நிற்பது கொடுமை. மறுக்கவில்லை.

ஆனால் பஸ் ஏன் தாமதமாகிறது என்று பாருங்கள். நிறுத்தத்தை ஒட்டி இரண்டு கார் நிற்கிறது. பஸ் ஓரம் கட்ட முடியாமல் ரோட்டின் நடுவில் நிற்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பைக்குகளுக்கு நடுவே ஓடி ஏறுகிறார்கள். பின்னால் வரும் பஸ்ஸும் அதனால் நிற்கிறது. நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் இடத்தைக் காலி செய்வது புதிய பஸ் வாங்குவதைவிட மலிவு, அதை இந்த மாதமே செய்யலாம். நாட்டிங்ஹாமைப் போல வசூலையும் பஸ்ஸுக்கே கொடுத்தால், இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

எங்க தெருவுல எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கணக்கெடுப்பிலிருந்து. ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு, பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு, பத்து என்று நடந்துபோய், ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணை எழுதுங்கள். ஐந்து நேரத்திலும் வரும் எண்கள் எவை, ஒரு தடவை மட்டும் வரும் எண்கள் எவை என்று பிரித்தால், உங்கள் தெருவில் இடம் போதவில்லையா அல்லது சிலர் மட்டும் பிடித்துவைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். நடைபாதை மேல் ஏறிய வண்டிகளைத் தனியாகக் குறியுங்கள்.

அந்தத் தாளோடு கவுன்சிலரைப் பார்த்து மூன்றே விஷயம் கேளுங்கள்: பஸ் நிறுத்தமும் தெருமுனைகளும் காலியாக இருக்க வேண்டும், அசையாத வண்டிகளை அகற்ற வேண்டும், ஏற்றி இறக்க ஓர் இடத்தில் கோடு போட வேண்டும். கட்டணப் பேச்சை அதற்குப் பிறகு, எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கலாம்.